மழைநாள் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இளநிலை இயற்பியல் முடிக்கப் போகிறேன். முதுநிலையில் வானிலையியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய இரண்டில் எதை எடுப்பது? (மாணவி, திருநெல்வேலி)

பதில்: இரண்டும் ஒரே காற்றைப் பற்றிப் பேசினாலும் படிப்பின் தன்மை வேறு. வானிலையியலில் தொடக்கத்திலேயே பாய்ம இயக்கவியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வந்துவிடும். சுற்றுச்சூழல் அறிவியலில் வேதியியல், உயிரியல், மண், நீர், சட்டம் என்று பரப்பு விரியும்; ஆய்வுக்கூட வேலையும் களப்பணியும் மிகுதி. கணிதத்துக்கு அஞ்சாதவர் என்றால் தங்களுக்கு வானிலையியலையே பரிந்துரைப்பேன். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகமும் இத்துறையில் நெடுநாள் பெயர் பெற்றவை. பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், 1962-இல் தொடங்கப்பட்ட புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இருக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாளை எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். இந்தத் தொகை 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

கேள்வி: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி மழைத் தரவையும், அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கும் இ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வுத் தரவையும் ஒப்பிட்டேன். மாத மொத்தம் ஓரளவு பொருந்துகிறது. தினசரி மதிப்புகளின் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) மிகக் குறைவாக வருகிறது. மாதிரியே தவறு என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுநிலை மாணவர், சென்னை)

பதில்: அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். முதலில் இரு தரவுகளிலும் 'ஒரு நாள்' என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் மழைமானியை அளப்பது காலை 8.30 மணிக்கு. நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்த மழை முழுவதும் இன்றைய தேதியில் பதிவாகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழையைத் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் அது டிசம்பர் 2 என்ற தேதியில்தான் இருக்கும். இ.ஆர்.ஏ.5 தரவோ உலகப் பொது நேரப்படி மணிக்கொரு மதிப்பாக வருகிறது. அதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டினால் நம் நேரப்படி காலை 5.30-இல் தொடங்கும் ஒரு நாள் கிடைக்கும். இரண்டையும் தேதி பார்த்து இணைத்தால், ஏறக்குறைய ஒரு முழு நாள் பிசகிவிடும். மாத மொத்தத்தில் இந்தப் பிசகு பெரும்பாலும் மறைந்துபோவதால்தான் தங்களுக்கு அது பொருந்துவதுபோலத் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: உலகப் பொது நேரம் 03 மணி நம்முடைய 8.30. இ.ஆர்.ஏ.5-இல் ஒவ்வொரு மதிப்பும் அந்த மணியோடு முடியும் ஒரு மணி நேர மழை என்பதால், முந்தைய நாளின் 04 மணி முதல் இன்றைய 03 மணி வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்டி, இன்றைய தேதியை இடுங்கள். அலகு மீட்டரில் இருக்கும். மில்லிமீட்டருக்கு 1,000-ஆல் பெருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒட்டுறவு குறைவாக வந்தால் மட்டுமே மாதிரியைக் குறை சொல்லலாம். என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இதே பிழையோடு நான்கு மாதங்கள் உழைத்தேன். வரைபடத்தில் மழை உச்சங்கள் எல்லாம் ஒரே சீராக ஒரு நாள் தள்ளி நிற்பதை ஒரு மூத்த மாணவர் சுட்டிக்காட்டிய பிறகே விளங்கியது. ஆகவே ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடும் முன் ஒரே ஒரு பெருமழையை எடுத்து, இரு தரவுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்க்குமாறு என் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: மலிவு விலை உணர்கருவியால், காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத பி.எம்.2.5 நுண்துகளை அளக்கிறோம். மார்கழி விடியற்காலையில் அளவு மிக அதிகமாகக் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: அப்படியே நம்பக் கூடாது. இவ்வகைக் கருவி துகளின் மீது ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. விடியற்காலை ஈரப்பதத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால் நிறை கூடியதுபோலக் காட்டும். காற்றைச் சூடாக்கி உலர்த்திய பின் அளக்கும் ஏற்பாடு நிலையக் கருவிகளில் உண்டு, இதில் இல்லை. அந்த நேரத்தில் மாசு உண்மையிலேயே தரைமட்டத்தில் தேங்குவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே தங்கள் ஆய்வு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கு அருகில் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் கருவியை வைத்து, ஈரப்பதத்தையும் சேர்த்துத் திருத்தச் சமன்பாடு காணுங்கள். அதைச் செய்யாமல், 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்பை ஊர் மீறிவிட்டதாக அறிவிப்பது முறையாகாது.

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டம் பெற முடியுமா? கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

பதில்: முடியும். பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று தேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை; ஆனால் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கலாம் என்பதால் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: சென்னை வெள்ளம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இனி என்ன தலைப்பு மிச்சம்?

பதில்: நிறைய இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலைப் பதிவில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கி.மீ.தான். நிலப்பரப்பை அட்ச, தீர்க்கக் கோடுகளில் கால் பாகை அளவுக் கட்டங்களாகப் பிரித்த தரவில் ஒரு கட்டத்தின் பக்கமே சுமார் 27 கி.மீ. என்பதால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நுணுக்கமான ஆய்வுகள் தேவை. தங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் மழைமானி இருந்தால், அனுமதி பெற்று அதன் பழைய பதிவேடுகளைப் பாருங்கள். மானியின் மேல் மரக்கிளை கவிந்திருக்கிறதா, எந்த ஆண்டில் இடம் மாற்றினார்கள் என்பதையும் அங்குள்ளவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.