சுற்றி வளைத்து எழுதுகிறேனாம், இது தமிழின் கோளாறா?

மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "ஆங்கிலத்தில் செய்த ஒப்படையை (அசைன்மென்ட்), சுற்றி வளைக்கிறீர்கள், விஷயத்துக்கு வாருங்கள் என்று ஒரு வரி எழுதி விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். தமிழ்ப் பிள்ளைகள் யோசிப்பதே வட்டமாகத்தான் என்று டவுனில் ஒப்படை திருத்திக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் சொல்கிறார். 12,000 ரூபா கொடுத்தால் வெள்ளைக்காரன் எழுதியது மாதிரி ஆக்கித் தருவாராம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன், காசு பத்திரம்.

அந்த வட்டக் கதைக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1966 இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர், வெளிநாட்டு மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, எந்தப் பண்பாட்டுக்காரர் எப்படி எழுதுகிறார் என்று ஐந்து கோட்டுப் படங்கள் போட்டார். ஆங்கிலத்துக்கு நேரே கீழிறங்கும் கோடு, கீழைத்தேயத்துக்கு உள்ளே சுழலும் சுருள். தமிழ் என்று பெயர் போட்ட படம் அதில் கிடையாது. அவர் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள் தாய்மொழியில் எழுதியதை இல்லை, இரண்டாம் மொழியாகக் கற்ற ஆங்கிலத்தில் எழுதியதை. பிற்காலத்தில் அவரே அந்தக் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். படம் மட்டும் இன்னும் ஸ்லைடில் ஏறிக்கொண்டிருக்கிறது, உங்கள் டவுன் அண்ணன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ் சுற்றச் சொல்கிறதா? நன்னூலை எடுத்துப் பாருங்கள். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் எல்லாம் இருக்கின்றன. சொன்னதையே சொல்லாதே, எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரிக்காதே, ஜோராக ஆரம்பித்து வர வரத் தேய்ந்து போகாதே. உங்கள் விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதியதைத்தான் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாம் சுற்றப் பழகியது பாடசாலையில். பேச்சுப் போட்டியில் நடுவர்களே, நேரக் கணிப்பாளரே, ஆசிரியர்களே என்று ஒவ்வொருவராக வணங்கி முடிவதற்குள் முதல் மணி அடித்துவிடும். கட்டுரை என்றால் முன்னுரையில் ஒரு குறள், முடிவுரையில் ஒரு பழமொழி, அதற்குத்தான் புள்ளி. பதினொரு வருடம் அப்படிப் பழக்கிவிட்டு, ஆங்கில ஆசிரியர் வருவதும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவதுமாக இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளையிடம், எந்த இடத்தில் சுற்றினாய் என்று விரல் வைத்துக் காட்டாமல் ஒரே வரியில் விஷயத்துக்கு வா என்று எழுதினால், அது திருத்தமா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, உங்கள் ஒப்படைக்கு வருவோம். தோட்டப் பிள்ளைகள் ஒன்பதாம் தரத்துக்குப் பிறகு ஏன் இடைவிலகுகிறார்கள் என்பது தலைப்பு. நீங்கள் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்ததில் தொடங்குகிறீர்கள். பிறகு கோப்பி, 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலை, நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம். மூன்றாம் பக்கத்தின் அடியில்தான், நீங்களே வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் வருகிறது: மேல் வகுப்பு உள்ள பாடசாலை தூரம், காலையில் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. தங்கச்சி, அதுதான் கட்டுரை! அந்த வரியைத் தூக்கி முதல் பந்தியில் வையுங்கள். 1948 ஐ வெட்டச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்கும் இந்த பஸ்ஸுக்கும் என்ன உறவு என்று ஒரு வரி எழுத முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் அது சும்மா மேடை அலங்காரம்.

ஒரே ஒரு இடத்தில் பின்னணி முன்னுக்கு வரலாம், இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் பலர் இதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். வாசிப்பவருக்கு உங்கள் உலகம் தெரியாதபோது. லயம் என்று எழுதினால் ஹட்டனில் இருப்பவருக்குப் புரியும், வெளிநாட்டில் இருந்து படிப்பவருக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள் என்று சொல்லத்தான் வேண்டும். பிரட்டு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), பேர் போடுவது (அன்றைய வேலையைப் பதிவது), றாத்தல் கணக்கு (பறித்த கொழுந்தின் நிறை) எல்லாம் அப்படித்தான். ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987 இல் சொன்னார், ஆங்கிலத்தில் விளங்கவைக்கும் பொறுப்பு எழுதுபவருடையது, ஜப்பானிய மொழியில் அதைவிட அதிகம் வாசிப்பவருடையது என்று. நம் ஆட்களுக்கு நாம் எழுதும்போது பாதியைச் சொல்லாமலே விடலாம், தெரிந்தவர்கள்தானே. அந்த ஒப்படையில் விடக்கூடாது. ஆனால் விளக்கம் இரண்டு வரி, இரண்டு பக்கம் இல்லை.

ஆக, மாறியிருப்பது வாசகர்தான், உங்கள் மூளை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, தமிழறிஞர் பேராசிரியர் சிவத்தம்பி தமிழில் எழுதிய ஆய்வுக் கட்டுரையையும், ஆங்கிலத்தில் உள்ளூருக்கும் வெளிநாட்டுக்கும் எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2006 இல் எழுதினார். ஆள் ஒருவர்தான், யாருக்கு எழுதுகிறார் என்பதற்கேற்ப நடை மாறுகிறது.

இனி அந்த 12,000. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணி தலைக்காசு வாங்கினார், இப்போது இவர்கள் பக்கக்காசு வாங்குகிறார்கள். உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்துத் தருவார்கள். என் மேசைக்கு வந்த ஓர் ஒப்படையில் லயத்து வீட்டைச் சொல்லும் 'லைன் ரூம்' எல்லாம் 'கியூ சேம்பர்' ஆகியிருந்தது. எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. அப்புறம் "டர்னிட்டின் வீதம் குறைத்துத் தருகிறோம்" என்று இன்னொரு வியாபாரம். டர்னிட்டின் என்பது ஒப்படையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள். அது எது எதோடு ஒத்திருக்கிறது என்று காட்டுமே தவிர, களவு என்று தீர்ப்புச் சொல்லாது. நீங்கள் மேற்கோள் குறி போட்டுப் பெயரோடு எடுத்த வரிகூட அந்தக் கணக்கில் ஏறலாம். முன்னோர் மொழியைப் பொன்னேபோல் போற்றி அப்படியே எடுத்தாளலாம் என்று அதே நன்னூல் சொல்கிறதுதான், அந்தப் பழக்கம் நமக்குள் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மட்டும் பொன் யாருடையது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதல் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதி, விரிவுரையாளரிடம் நேரில் கொண்டுபோய், நான் சொல்ல வருவது எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பஸ் வரியில் விரல் வைத்தால் மற்றப் பக்கங்களையும் அப்படியே செய்யலாம். வைக்காவிட்டால் அந்த ஒரு பந்தியை எனக்கு அனுப்புங்கள், காசெல்லாம் வேண்டாம்.