சே குவேராவின் ‘மோட்டார் சைக்கிள் டைரி’: புத்தகம் படித்தவர்கள் படத்தையும் பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம். ஆனால் படத்தில் வரும் எர்னெஸ்டோ (சேயின் இயற்பெயர்), புத்தகத்தில் இருப்பவரைவிட மென்மையானவர். 1952இல் தென் அமெரிக்காவைச் சுற்றிய பயணத்தின் குறிப்புகளைப் பின்னர் அவரே திருத்தி எழுதினார். அதில் குறும்பு, பசி, ஓசிச் சாப்பாடு எல்லாம் கூச்சமில்லாமல் வரும். வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியது இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும். வால்டர் சாலெஸ் 2004இல் எடுத்த படத்தில் அது இல்லை.

பெரிய வித்தியாசம் முடிவில்தான். புத்தகத்தின் கடைசிக் குறிப்பில் ஆயுதமேந்தி, எதிரியின் ரத்தம் சிந்தப் போராடுவேன் என்று வெறியோடு எழுதுகிறார். படமோ அந்தப் பக்கமே போகவில்லை.

சிலியில் குளிரில் நடுங்கும் கம்யூனிஸ்ட் தம்பதியைச் சந்திப்பது இரண்டிலும் உண்டு. புத்தகத்தில் சேயும் உடன் பயணித்த நண்பர் ஆல்பெர்டோவும் தங்கள் போர்வை ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு பக்கத்துக்காகவே முதலில் புத்தகத்தைப் படியுங்கள்.