கட்டிப்போட்ட நாய் விடிய விடியக் குரைத்தால்…

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் பகலும் ராத்திரியும் கேட் ஓரமாகச் சங்கிலியில்தான் கிடக்கிறதுங்க. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து ஆட்கள் தெருவில் வர ஆரம்பித்தால் குரைக்கத் தொடங்கி விடிகிற வரை ஓயாது. பையன் பத்தாவது படிக்கிறான். சொல்லிப் பார்த்தால் "நாய்னா குரைக்கத்தானுங்க செய்யும்" என்கிறார்கள். சோற்றில் மருந்து வைத்துவிடச் சொல்கிறார் ஒருவர். போலீசில் புகார் கொடுக்க முடியுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மருந்து வைக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள், சகோதரி. விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. அதோடு, இதில் அந்த வாயில்லா ஜீவன் செய்த தப்பு ஒன்றுமே இல்லை.

புகார் கொடுக்கலாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு, அதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்ய இடமிருக்கிறது. ஆனால் அந்த விதிகள் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு இவற்றை மனதில் வைத்து எழுதியவை. விட்டு விட்டுக் குரைக்கிற நாயை யார் வந்து அளப்பார்கள்?

உங்கள் விஷயத்தில் கைகொடுப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்தான் என்பேன். நாயை எந்நேரமும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பது அதன் 11-ஆவது பிரிவில் குற்றம். தெருவைப் பார்த்தபடி குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் பக்கத்தில் போய் மோந்து பார்க்கவும் முடியாமல், விலகி ஓடவும் முடியாமல், போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கத்தான் செய்யும். அதனால் "சத்தம் தாங்கலை" என்று மட்டும் எழுதாமல் நாயை வைத்திருக்கும் விதத்தையும் புகாரில் எழுதுங்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள், ராத்திரி கோபத்தில் வேண்டாம், காலையில். நாயைப் பின்பக்கம் மாற்றலாம், கேட்டில் தகரம் அடித்துத் தெரு தெரியாமல் மறைக்கலாம், சாயங்காலம் ஒரு நடை கூட்டிப்போகலாம், ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளேயே அவிழ்த்துவிடலாம். திடீரென்று இப்படிக் குரைக்க ஆரம்பித்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், வலி இருந்தாலும் குரைக்கும். அப்புறமும் மசியவில்லை என்றால் தேதி, நேரத்தோடு செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வலு கூடும்.

கேள்வி: மாரியம்மன் நோம்பிக்கு ராத்திரி எத்தனை மணி வரை ரேடியோ செட் போடலாம்?
- வாசகர், கோபி

பதில்: எழுத்து மூலம் அனுமதி வாங்கி, 10 மணி வரை. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம், அதற்கு மேல் இல்லை. மீறினால் 112-க்குக் கூப்பிடுங்கள்.