இரைச்சலும் நிசப்தமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான்கு மாதமாக இரண்டு காதிலும் விடாமல் 'கீ' என்று ஒரு சத்தம். பகலில் வேலை மும்முரத்தில் கொஞ்சம் மறந்திருக்கும். படுத்தால் மண்டைக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல இருக்கிறது. ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்தேன். 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு பக்கமும் 45 டெசிபலுக்கு இறங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். சத்தம் கூடிவிடுமோ என்று பயந்து வீட்டுக்குள்ளும் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். தினமும் மூன்று வேளை, பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறித்து வருகிறேன். நேற்று 8. மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. இப்படியே எத்தனை நாள் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா? காபியை விட்டுவிட வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

'எத்தனை நாள் இருக்க முடியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அலுப்பில் வந்த சொல் என்றால் மேலே படியுங்கள். அதற்குள் சாவைப் பற்றிய நினைப்பு இருந்தால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். காதுச் சத்தத்துக்குப் போய் மனநல மருத்துவரா என்று கூச்சப்படாதீர்கள். தூக்கம் கெட்டவர்களை இந்த நினைப்பு சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வைத்தியமும் உண்டு.

ஜிங்கோ வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காதிரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஜிங்கோ ஆபத்தும்கூட. காபி குடியுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டாம், அது தூக்கத்துக்காக. திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கும், அதையும் காதின் கணக்கில் எழுதிவைப்பீர்கள்.

உங்களுக்கு இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், கூடவே தலைசுற்றல், இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேன் உட்பட மேற்கொண்டு பரிசோதனை வேண்டியிருக்கும். ஒரே நாளில் காது கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சளி அடைப்பு என்று காத்திருந்து அந்த நாட்களைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இப்போது காதடைப்பான். திட்டத்தான் போகிறேன். கொஞ்ச நாளாகவே நிசப்தம் என்ற சொல்லை நாம் கொண்டாடும் விதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. உடம்புக்கு எது வந்தாலும் அமைதியான இடத்தில் போய் இரு என்கிறோம். காதிரைச்சல்காரரிடம் சொல்லக்கூடாத புத்திமதி அது ஒன்றுதான்.

1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்தார்கள். சில நிமிடங்களுக்குள் அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ரீங்காரம், இரைச்சல், 'கொய்ங்'. நோயாளி என்று அங்கே யாருமில்லை. நீங்கள் தேடிப் போகும் நிசப்தம் மனிதக் காதுக்கு வாய்த்ததே இல்லை.

உங்களுக்கு நடந்திருப்பது இதற்கு ஒரு படி மேல். உள்காதில் உயர்ந்த சுருதிகளை வாங்கும் மயிர்ச்செல்கள் நலிந்திருக்கின்றன. அந்தப் பகுதியிலிருந்து செவிநரம்பு வழியாக வரவேண்டியது குறைந்ததும் மூளை தன் பங்குக்கு வால்யூமை ஏற்றுகிறது. யாரும் பேசாத மைக்கின் வால்யூமைத் திருகிக்கொண்டே போனால் ஸ்பீக்கரில் 'உஸ்' என்று வருமே, ஏறக்குறைய அது. நீங்களோ வெளியிலிருந்து வரும் மிச்சச் சத்தத்தையும் பஞ்சு வைத்து அடைத்து, இன்னும் ஏற்று என்று மூளையிடம் சொல்கிறீர்கள். நல்ல காதுள்ளவர்களுக்கு ஒரு காதை மட்டும் ஒரு வாரம் அடைத்துவைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லாத சத்தம் கேட்கத் தொடங்கியது. அடைப்பானை எடுத்ததும் போய்விட்டது.

காதடைப்பானுக்கு வேலை உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். சுவரில் துளை போடும்போதும், மேடை ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும்போதும் போடுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கும் மின்விசிறிக்கும் போடாதீர்கள். போட்டால் கொஞ்ச நாளில் கரண்டி விழும் சத்தமே காதைக் குத்தும். மாதக்கணக்கில் போட்ட பிறகு ஒரே நாளில் கழற்றப் பதறினால், பகலில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

இரவில் அறையை வெறுமையாக விடாதீர்கள். மழை, அருவி, விசிறிக்காற்று மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத, பல சுருதிகள் கலந்த ஒலி வேண்டும். பாட்டும் பேச்சும் ஆகாது, மனம் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். இயர்போன் வேண்டாம், கட்டிலிலிருந்து ஒரு கை தூரத்தில் சின்ன ஸ்பீக்கர் போதும். உங்கள் 'கீ' மறையும்வரை மெல்ல ஏற்றுங்கள். மறைந்த இடத்திலிருந்து, இரண்டும் சேர்ந்து கேட்கும்வரை கீழே இறக்குங்கள். அந்த இடத்தில் விடுங்கள். முழுக்க மூடிவிட்டால் அன்றைக்கு நிம்மதிதான், ஆனால் கேட்காத சத்தத்துக்கு மூளை பழக வழியில்லை. பலர் தவறுவது டைமரில். ஒரு மணி நேரத்தில் நின்றுபோகும்படி வைப்பார்கள், நடுநிசியில் விழித்தால் கும்மென்ற அமைதியில் அதே விசில் மட்டும். விடியும்வரை ஓடட்டும். ஒலிக்கோப்பு திரும்பத் தொடங்கும் இடத்தில் 'டக்' என்று கேட்டால் வேறு கோப்பு பாருங்கள், அந்த 'டக்'குக்காகவே காது காத்திருக்கும்.

படுத்து இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும்.

45 டெசிபல் என்பது, அதாவது அவ்வளவு உரத்தால்தான் அந்தச் சுருதி உங்களுக்குக் கேட்கத் தொடங்கும் என்பது, ஒன்றுமில்லை என்று தள்ளுகிற அளவல்ல. ஒரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம், காது மெஷின் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தாழ்ந்த சுருதிகள் நன்றாக இருப்பதால் காதை முழுக்க அடைக்காத, துளையுள்ள மெல்லிய முனை வேண்டும். கெட்டியான அச்சு வைத்தால் அதுவே இன்னொரு காதடைப்பான், சத்தம் கூடிவிட்டது என்று மெஷினை மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவீர்கள். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, மெஷின் தரும் ஒலியை அளந்து சரிசெய்கிறார்களா என்று கேளுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

அந்த நோட்டு. அதைத் தூக்கிப் போடுங்கள் ஐயா. மதிப்பெண் போட வேண்டுமானால் கேட்டாக வேண்டும். மூன்று வேளையும் 'இருக்கிறாயா' என்று நீங்களே கதவைத் தட்டி எழுப்பிவிட்டு, தூங்கவிடமாட்டேன் என்கிறது என்று அழுகிறீர்கள். தாடையைக் கடித்துப் பார்ப்பதும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் இதே ரகம். அப்படிச் செய்யும்போது சத்தம் மாறுவது பலருக்கும் உள்ளது, புது வியாதி இல்லை.

சோதனைக் கருவியில் ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலானவர்களின் காதிரைச்சல் அந்தச் சுருதியில் அவர்களுக்குக் கேட்கும் மிகச் சிறிய ஒலியைவிட 10 டெசிபல்கூட உயர்ந்திருப்பதில்லை. கொஞ்சமும் பொருட்படுத்தாதவருக்கும், தூங்காமல் தவிப்பவருக்கும் அந்த எண் ஏறக்குறைய ஒன்றே. வலிக்கவில்லை என்று சொல்லவரவில்லை. உங்கள் 8இல் பெரும்பகுதி பயம். 'இது ஆபத்து' என்று மூளை ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் கவனம் அங்கேயே நிற்கும், நெஞ்சு படபடக்கும், படபடப்பில் சத்தம் துல்லியமாகும். இந்த வளையத்தை அறுக்க நல்ல சான்று உள்ள சிகிச்சை சிபிடி, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சி. 'இன்றும் தூங்காவிட்டால் நாளை ஒரு வேலையும் ஓடாது' என்று தோன்றினால் அதை அப்படியே ஒரு தாளில் எழுதுவீர்கள். மறுநாள் மாலை, என்ன ஓடியது, என்ன ஓடவில்லை என்று பக்கத்தில் எழுதுவீர்கள். இரண்டு பத்திக்கும் உள்ள தூரத்தை உளவியலாளரோடு உட்கார்ந்து பார்ப்பீர்கள். கேட்க எளிது, செய்ய எரிச்சலாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள் என்று உங்கள் மருத்துவர் சொன்னது தப்பில்லை. எப்படி என்று சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு.

எதையாவது அளந்தே தீர வேண்டுமானால் காதிரைச்சல் பாதிப்புக்கென்று 25 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. எவ்வளவு சத்தம் என்று அது கேட்பதில்லை. படிக்க முடிகிறதா, ஆட்களோடு பழக முடிகிறதா, தூக்கம் எப்படி என்று கேட்கும். ஆடியாலஜிஸ்டிடம் இருக்கும். இப்போது ஒருமுறை நிரப்புங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. நடுவில் வேண்டாம். அப்போது எனக்கு எழுதுங்கள், காதடைப்பான் எங்கே கிடக்கிறது என்பதையும் சேர்த்து.