வாசகர் கேள்வி: ஆற்றங்கரைப் பாறைமலையில் ஏறலாமா?

கேள்வி: நியூயார்க்கில் பணிபுரியும் என் மகன், அடுத்த முறை நான் அங்கு வரும்போது ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பிரேக்நெக் ரிட்ஜ் என்ற மலைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்கிறான். எனக்கு வயது 57. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நான்கு முறை நடந்திருக்கிறேன். என்னால் ஏற முடியுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: நான்கு முறை பழனிக்கு நடந்த கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த மலை கேட்பது வேறு வகை உழைப்பு. நியூயார்க் நகருக்கு வடக்கே, கோல்ட் ஸ்பிரிங், பீக்கன் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே, ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்கிறது அது. உயரம் சுமார் 1,260 அடிதான். எனினும் ஏறக்குறைய ஆற்றுமட்டத்திலிருந்தே ஏற்றம் தொடங்கி, முதல் முக்கால் மைலுக்குள்ளாகவே 1,250 அடி உயர்ந்துவிடுகிறது. படிக்கட்டு கிடையாது. முழங்காலை இடுப்பளவுக்குத் தூக்கிப் பாறை விளிம்பில் பாதம் பதித்து, விரல்களால் வெடிப்பைப் பற்றி உடம்பை மேலே இழுக்க வேண்டிய இடங்கள் அடுத்தடுத்து வரும். பாதயாத்திரையில் கைகளுக்கு இந்த வேலை இல்லை.

ஆகவே, புறப்படும் முன் பிரான்மலைக்குச் சென்று, தர்கா இருக்கும் உச்சிவரை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கிய மறுநாள் முழங்கால் வலிக்கவில்லை என்றால் துணிந்து போகலாம். அங்கே செருப்பு உதவாது. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் காலணி வேண்டும். தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். மழை பெய்த அன்றும் மறுநாளும் அந்தப் பாறையில் கால் வைக்கவே வேண்டாம்.

ஏறிய வழியே இறங்காதீர்கள் என்பதை மகனிடமும் அழுத்திச் சொல்லுங்கள். செங்குத்துப் பாறையில் ஏறும்போது கால் வைக்கும் இடம் கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது அது தெரியாது. வெள்ளைக் குறி இட்ட பாதையில் ஏறி, சிவப்புக் குறியைத் தொடர்ந்து, பின்பு மஞ்சள் குறியைப் பிடித்து இறங்குவதே வழக்கம்.

இன்னொரு முக்கியமான செய்தி: புதிய நடைபாதை, பாலம் ஆகியவற்றுக்கான கட்டுமானப் பணிக்காக, 2025 ஏப்ரலில் இந்த மலைப்பாதையை மூடினார்கள்; பணி முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று அப்போது அறிவித்தார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், பாதை திறந்துவிட்டதா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு மலையை மக்கள் வழக்குத் தொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உண்மைதான். அது பிரேக்நெக்கிற்கு நேர் எதிரே, மேற்குக் கரையில் நிற்கும் ஸ்டார்ம் கிங் மலை. நம் காடம்பாறையில் நடப்பதுபோல், ஆற்று நீரை மேலே உள்ள நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையத்தை அங்கே அமைக்க, 1962-இல் கான் எடிசன் நிறுவனம் திட்டமிட்டது. மலையின் அடிவாரத்தைக் குடைய வேண்டியிருந்த அந்தத் திட்டத்தை எதிர்த்து, அப்பகுதி மக்கள் சீனிக் ஹட்சன் என்ற அமைப்பாகத் திரண்டு நீதிமன்றம் சென்றார்கள். பண நஷ்டம் எதுவும் நேராதவர்களுக்கு வழக்காட என்ன உரிமை என்பதுதான் எழுந்த கேள்வி. இயற்கை அழகைக் காக்க முனைபவர்களுக்கும் அந்த உரிமை உண்டு, அனுமதி கொடுக்கும் ஆணையம் அந்த அழகையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1965 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இத்தீர்ப்பைச் சொல்வார்கள். அதன் பிறகும் இழுபறி நீடித்து, 1980-இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. காரைக்குடி வாசகி பிரேக்நெக்கின் முதல் மேட்டில், கொடிக்கம்பத்துக்கு அருகே மூச்சு வாங்க நிற்கும்போது, ஆற்றுக்கு அப்பால் குடையப்படாமல் முழுதாகத் தெரிவது அந்த மலைதான்.