யெலோநைஃபில் கார் காப்புறுதி: சட்டம் கேட்பது மட்டும் போதுமா?

கேள்வி: பத்து ஆண்டுகளாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார் ஓட்டிவரும் நான், வேலை நிமித்தம் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெலோநைஃபுக்குக் குடிபெயர்கிறேன். 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பான என் காரையும் கொண்டுபோகிறேன். சிறிய ஊர் என்பதால் காப்புறுதிக் கட்டணம் குறையும் என்கிறார்கள் நண்பர்கள். பழைய கார்தானே, சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: கட்டணம் குறையக்கூடும். ரொறன்ரோப் பகுதியில் கட்டணத்தை ஏற்றிவிடும் நெரிசலும் கார்த் திருட்டும், ஏறத்தாழ 20,000 பேர் வாழும் யெலோநைஃபில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் உதிரிப்பாகங்கள் சுமார் 1,500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எட்மன்டன் பக்கமிருந்து வர வேண்டியிருக்கும். மனிற்றோபாவில் இருப்பதைப் போன்ற அரசுக் காப்புறுதியும் அங்கே கிடையாது. எனவே இரண்டு மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள்.

சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புப் பொறுப்பின் (விபத்தில் நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்கான காப்புறுதியின்) அளவு, ஒன்ராறியோவைப் போலவே, 200,000 டொலர்தான். ஒருவர் படுகாயமடைந்து வழக்குத் தொடுத்தால் இத்தொகை போதாமற் போகலாம். மிச்சத்தை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டிவரும். ஒரு மில்லியனுக்கோ இரண்டு மில்லியனுக்கோ உயர்த்துவதற்கு ஆகும் கூடுதல் கட்டணம் அதனுடன் ஒப்பிட்டால் சிறிதே என்பதால், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நண்பர்களின் கணக்கு முக்கியமாகப் பிசகுவது கொம்ப்ரிஹென்சிவ் காப்புறுதியில், அதாவது திருட்டு, தீ, விலங்கு போன்றவற்றால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதியில். நகருக்கு வரும் 3 ஆம் இலக்க நெடுஞ்சாலையில், ஃபோர்ட் ப்ராவிடன்சுக்கு வடக்கே, காட்டெருமைகள் கூட்டங்கூட்டமாகச் சாலையிலேயே நிற்கும். அவற்றின் கறுத்த உடலை இருளில் கண்டுகொள்வது கடினம். விலங்கின் மீது மோதினால் வழக்கமாக இந்தக் காப்புறுதியின் கீழ்தான் இழப்பீடு கிடைக்கும். விலங்கைத் தவிர்க்க வளைத்து ஓட்டிப் பள்ளத்தில் விழுந்தால் அது கொலிஷன், அதாவது கார் மோதியோ கவிழ்ந்தோ சேதமடைவதற்கான காப்புறுதியின் கணக்கில் சேர்ந்துவிடும். காரின் சந்தை மதிப்பு மிகவும் இறங்கிவிட்டதென்றால் கொலிஷனை விடலாம். கொம்ப்ரிஹென்சிவை விடக்கூடாது என்பதே என் கருத்து. குளிர்காலச் சாலைகளில் தூவும் கற்பொடி தெறித்து முன்கண்ணாடி வெடிப்பது அங்கே சர்வசாதாரணம் என்பதால், குறைந்த விலை சொல்லும் பத்திரத்தில் கண்ணாடி விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்டுத் தீயும் கொம்ப்ரிஹென்சிவின் கீழ்தான் வரும். 2023 ஓகஸ்டில் தீ நெருங்கியதால் நகரமே வெளியேற்றப்பட்டது. பலர் அந்த ஒரே நெடுஞ்சாலை வழியாகத்தான் காரில் தப்பினார்கள். தீ அருகில் வந்தபின் புதிய காப்புறுதி தருவதை நிறுவனங்கள் நிறுத்திவைப்பது வழக்கம் என்பதால், புகையைக் கண்டபின் முகவரைத் தேடிப் பயனில்லை.

ஆனால் எந்தக் காப்புறுதி எடுத்தாலும் குளிரில் உறைந்து பழுதாகும் இயந்திரத்துக்கு இழப்பீட்டை எதிர்பார்க்க வேண்டாம். உறைதலும் தேய்மானமும் வழக்கமான பத்திரங்களில் விலக்கப்பட்டவை. மைனஸ் 40 பாகை வரை இறங்கும் ஊரில் இயந்திரச் சூடேற்றியைப் பொருத்தி, இரவில் மின்சாரத்தில் செருகிவைப்பதுதான் வழி. டெட்டா கிராமத்துக்கு ஏரியின் மேல் செல்லும் பனிக்கட்டிப் பாதையில் ஓட்டும் எண்ணமிருந்தால், அது உங்கள் பத்திரத்தில் அடங்குமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்காபரோ முகவரியிலேயே பழைய காப்புறுதியைத் தொடரும் யோசனை வேண்டாம். கார் வேறிடத்தில் நிற்பதை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். புறப்படும் முன், உங்கள் பத்தாண்டு வரலாற்றைக் காட்டும் கடிதத்தைத் தற்போதைய நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். அது கையில் இல்லையென்றால் அங்கே உங்களைப் புதிதாக ஓட்டத் தொடங்கியவராகக் கருதி விலை சொல்லக்கூடும்.