கூட்டத்தில் திட்டும் மேலாளர்: காரணமும் செய்ய வேண்டியதும்

உங்கள் மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார், கெடுவை வாய்மொழியாகவே மாற்றுகிறார், தனியாகப் போனால் சாதாரணமாகப் பேசுகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலையில் கெட்டிக்காரரை மேலாளராக்கிவிடுவார்கள். ஆட்களை நடத்தப் பயிற்சி தரமாட்டார்கள். மேலிருந்து வரும் நெருக்கடியை அப்படியே கீழே இறக்குவார். கத்தினால் அந்த வாரம் வேலை ஓடும், அதனால் கத்தல் பலிக்கிறது என்று நம்பிவிடுவார். பிறகு ஆள் விலகினால், புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவு அவர் கணக்கில் ஏறாது. அதுதான் சிக்கலே.

இன்னொரு வகையும் உண்டு: நீங்களாகவே விலகட்டும் என்று நெருக்குவது. பொறுப்புகளைப் பறிப்பது, கூட்டத்துக்கு அழைக்காதது, எட்டவே முடியாத கெடு, மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றைக்கே சொந்த நோட்டில் எழுதுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், கணக்கை முடக்கினால் அதுவும் போய்விடும். கெடுவை மாற்றினால் உடனே மின்னஞ்சல் போடுங்கள்: "வெள்ளிக்குப் பதில் புதன் என்றீர்கள். அப்படியானால் இரண்டாவது அறிக்கை திங்களுக்குத் தள்ளிப்போகும், சரிதானே?" எழுத்தில் வந்துவிட்டால் பலர் அடங்கிவிடுவார்கள்.

மனிதவளத் துறை நிறுவனத்தின் பக்கம்தான், நீதிமன்றம் அல்ல. ஆகவே புகாரில் "மோசமானவர்" என்று எழுதாமல், தேதியோடு மூன்று சம்பவங்களையும் அதனால் வேலை எங்கே தடைப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். தானாக விலகியவர் இழப்பீடு கேட்பது பல நாடுகளில் கடினம். முதலில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ அந்த நோட்டைக் காட்டுங்கள்.